பதினேழாம் எண்ணுக்குப் போன வரங்கள்

மூன்று வருடமாக நான் சாமியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுவந்தேன். என் மகள் ஸு-வான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வீட்டுப் படி ஏறி வர வேண்டும், முடிந்தால் கையில் ஒரு பிள்ளையோடு. அதற்கு முன்னால் பலதும் கேட்டிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. அவள் கோபித்துக்கொண்டு போன பிறகு மற்றதெல்லாம் தானாக உதிர்ந்துவிட்டது. முதுகு வலிக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து சிப்பி உடைக்கிறவளுக்கு முதுகு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும்.

எங்கள் ஊரில் கும்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு முதலில் பெயர் சொல்ல வேண்டும், பிறகு பிறந்த தேதி, பிறகு விலாசம். இதெல்லாம் ஒழுங்காகச் சொன்ன பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்கலாம். எங்கள் பேட்டைக்குக் காவல் பார்க்கிறவர் தோத்தி-கொங் சாமி. வெள்ளைத் தாடி வைத்த தாத்தா. எத்தனை பேரைத்தான் அவர் ஞாபகம் வைத்துக்கொள்வார். என் பெயர் மோங்-யோ. ‘வந்தது வந்துவிட்டது, வளர்த்து வைப்போம்’ என்று அர்த்தம். பெண்ணுக்கு மேல் பெண்ணாகப் பிறந்தால் அந்தக் காலத்தில் வைக்கிற பெயர் அது. எங்கள் தெருவில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இன்னும் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் விலாசம் முக்கியம்.

நான் இருபத்தாறு வருடமாகச் சொல்லிவந்த விலாசம்: மேற்குச் சந்து, பதினேழாம் எண்.

ஸு-வான் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் காவ்ஷியுங் நகரத்தில் வேலை. ஒரு நாள் வந்து, போ-யூ என்று ஒருத்தரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றாள். அவர் அவளைவிட ஆறு வயது பெரியவர். எங்களுக்கு எலி, மாடு என்று வருடத்துக்கு ஒரு மிருகம். ஆறு வயது வித்தியாசம் என்றால் பிறந்த வருடத்து மிருகங்கள் இரண்டும் முட்டிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். போதாததற்கு அவர் ஏற்கெனவே ஒரு கல்யாணம் செய்து விவாகரத்து ஆனவர். நான் கோயிலுக்கு ஓடினேன்.

கோயிலில் இரண்டு பிறைக்கட்டைகள் வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. கேள்வியைக் கேட்டுவிட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று மேடாகவும் விழுந்தால் சாமி சரி என்கிறார். இரண்டும் மேடாக விழுந்தால் வேண்டாம் என்கிறார். இரண்டும் மல்லாந்து தட்டைப் பக்கத்தைக் காட்டினால் சிரிக்கிறார்.

அன்றைக்கு இருந்த பதற்றத்தில் மகள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. “மேற்குச் சந்து, பதினேழாம் எண் வீட்டுல இருக்கிற பொண்ணுக்கு இந்த முப்பத்தஞ்சு வயசு மாப்பிள்ளை சரியா வருவானா?” என்று கேட்டுப் போட்டேன். சிரித்தார். மறுபடி போட்டேன். மறுபடி சிரித்தார். மூன்றாம் தடவை கட்டை ஒன்று உருண்டு போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்து மல்லாந்தது. அத்தனை சிரிப்பு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “சாமியே சிரிச்சிட்டாரு. இது கல்யாணமா, கூத்தா?”

“சந்தோஷத்துல சிரிச்சிருக்கக் கூடாதா?” என்றாள் ஸு-வான்.

“அவனைக் கட்டிக்கிட்டா இந்த வாசல்ல கால் வைக்காதே.”

சொல்லிவிட்டேன். அவளும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஜாதி. என் வயிற்றில் பிறந்தவள்தானே. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பாவுக்கு மட்டும் கைப்பேசியில் செய்தி அனுப்புவாள். என் வீட்டுக்காரர் ஹோக்-லாய் அதை எனக்குப் படித்துக் காட்டுவார். “நல்லா இருக்காளாம்” என்பார். திரையில் பார்த்தால் எழுத்து எறும்புச் சாரி மாதிரி கீழே வரைக்கும் போகும். அவ்வளவு நீளத்துக்கு ‘நல்லா இருக்காளாம்’தானா என்று எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தில்தான், ஆரம்பப் பள்ளியில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்தேன். ஐம்பத்தொன்பது வயதில், சிப்பி வாடை அடிக்கிற கையோடு, ஏழு வயதுப் பிள்ளைகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து.

புத்தாண்டுக்கு மூன்று வாரம் இருந்தபோது டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். அவரவர் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு வர வேண்டும். நான் எழுதிக்கொண்டு போனேன். டீச்சர் சிவப்புப் பேனாவால் பதினேழைச் சுழித்துவிட்டார்.

“அம்மா, பதிவேட்டுல பதினொண்ணுன்னு இருக்கே.”

“டீச்சர், என் வீடு எனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா நம்பரு? வீட்டுக்குப் போனதும் கதவுத் தகட்டைப் பாருங்க.”

தராசில் வருகிற எண்கள் எனக்கு எழுத்துப் படிக்கிறதுக்கு முன்னாலேயே தெரியும். ஆனால் வீட்டுத் தகட்டை யார் பார்க்கிறார்கள். என் வீடு எது என்று எனக்குத் தெரியும், தபால்காரருக்கும் தெரியும். அந்த நீலத் தகரத்தின் மேல் இருபத்தாறு வருடமாக மழைக்கோட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. போய் அதை விலக்கினேன். உப்புக்காற்று அரித்த தகரத்தில் இரண்டு கோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றது. பதினொன்று.

“ஏங்க, இங்க வாங்க. இது என்ன நம்பர்?”

ஹோக்-லாய் வாயில் பல் குச்சியோடு வந்து பார்த்தார். “பதினொண்ணு.”

“குடிவந்த அன்னிக்குக் கேட்டேனே. பதினேழுன்னீங்களே.”

“பதினொண்ணுன்னுதான் சொன்னேன்.”

எங்கள் பேச்சில் ஒன்று என்பதற்கு ‘இத்’, ஏழுக்கு ‘ச்சித்’. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த மாதத்தில்தான் படகின் கயிறு உருளை அடித்து அவருக்கு முன்பல் இரண்டு போயிருந்தது. அப்போது அவர் ‘இத்’ என்றாலும் காற்று பீச்சிக்கொண்டு ‘ச்சித்’ என்றுதான் வரும். நான் அதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போய் இருபத்தாறு வருடம் சாமியிடம் ஒப்பித்திருக்கிறேன்.

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதினேழாம் எண் எங்களுக்கு மூன்றாவது வீடு. அங்கே இருப்பவள் ஓ-ஹுன் அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, தனி ஆள். என்னோடு ஒரே கொட்டகையில் சிப்பி உடைக்கிறவள்.

அடுத்த நாள் காலை கொட்டகையில் எதிர் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கூடை உடைக்கிறவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தியை ஓட்டில் நுழைத்து ஒரு திருகு திருகிச் சதையை வழித்துக் கிண்ணத்தில் போடுகிற வேலையில் கண் தேவையில்லை. கை பார்த்துக்கொள்ளும்.

“என்னடி, என் மூஞ்சில சிப்பியா ஒட்டியிருக்கு?” என்றாள்.

“அக்கா, உன் வீட்டுக் கொய்யா எந்த வருஷத்துலேருந்து இப்படிக் காய்க்குது?”

“யார் கண்டா. பத்து வருஷம் இருக்கும். கிளையெல்லாம் முறியுது. ஏன்?”

“பத்து வருஷத்துக்கு முன்னாடி எங்க கொய்யா காய்க்கணும்னு நான் சாமிகிட்ட கேட்டேன். எங்க மரம் பட்டுப்போச்சு.”

சுற்றி இருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். விலாச விஷயத்தைச் சொன்னேன். ‘இத்’ என்பதை ஹோக்-லாய் சொல்கிற மாதிரியே ஊதிக் காட்டினேன். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

“அப்ப அந்தப் பெரிய புயல்ல?” என்றாள் ஓ-ஹுன்.

“கூரை போகக் கூடாதுன்னு கேட்டிருந்தேன். உன் கூரை அசையல. எங்க தகரத்தை மீன் குட்டையிலேருந்து எடுத்தோம்.”

“அடிப்பாவி. நான்கூட என் கட்டுமானம் நல்ல கட்டுமானம்னு நினைச்சிட்டேன். வேற என்னெல்லாம் கேட்ட?”

“முட்டி வலி.”

அவள் காலை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டாள். “ஆமா, போயிடுச்சு. ஊசி போட்டதாலன்னு நினைச்சேன். இன்னும்?”

நான் தயங்கினேன். “வீட்டுல குறட்டைச் சத்தம் நிக்கணும்னு ஒரு தடவை கேட்டேன்.”

“எப்ப?”

“எலி வருஷத்துல.”

சிரிப்பு சட்டென்று நின்றது. எலி வருடத்தில்தான் அவள் புருஷன் போய்ச் சேர்ந்தார். ஊரே கேட்கிற மாதிரி குறட்டை விடுகிற மனிதர். ஓ-ஹுன் கத்தியை மடியில் வைத்தாள்.

“அப்ப என் வீட்டுக்காரர் குறட்டைய நிறுத்தினது நீதானா?”

“அக்கா, நான் மனசுல அப்படி...”

“போடி. மூணு வருஷமா ஈரல் வீங்கிக் கிடந்த மனுஷன். உன் ஒத்தை ஊதுபத்திக்கா செத்தாரு? ரொம்பத்தான் நினைப்பு உனக்கு.” கத்தியை எடுத்து அடுத்த சிப்பியைத் திறந்தாள். “இருபத்தாறு வருஷம் கேட்டியே, ஒரு தங்கச் சங்கிலி கேக்கணும்னு தோணிச்சா உனக்கு?”

“கேட்டிருந்தா உனக்குத்தான் வந்திருக்கும்.”

“அதைத்தான் சொல்றேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. கேளு.”

மறுபடி சிரிப்பு கிளம்பியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் மிச்சத்தையும் சொன்னேன்.

“எல்லாம் போகட்டும். மூணு வருஷமா விடிஞ்சதும் போய் நிக்கறேன். பதினேழாம் எண் வீட்டுப் படி ஏறி என் பொண்ணு வரணும், அந்த வீட்டுல ஒரு புள்ளை அழற சத்தம் கேக்கணும்னு. மத்ததெல்லாம் உனக்கு வந்துச்சு. அது மட்டும் எனக்கும் வரல, உனக்கும் வரல.”

எல்லாரும் சிரித்தார்கள். ஓ-ஹுன் சிரிக்கவில்லை. நாற்பது வருடம் கத்தி பிடித்தவள், கையுறையைக் குத்திக்கொண்டாள். எழுந்து குழாயடிக்குப் போனாள்.

பின்னாலேயே போனேன். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, காயமே இல்லாத விரலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“தண்ணிய நிறுத்திட்டுப் பேசு அக்கா.”

“என்ன பேச?”

“அக்கா.”

நிறுத்தினாள். கைகளை ஏப்ரனில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

“ரெண்டு வருஷமா வர்றாடி,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்ததை நம்ப முடியவில்லை.

“புத்தாண்டு ரெண்டாம் நாள் கட்டிக்கொடுத்த பொண்ணுங்கல்லாம் அம்மா வீட்டுக்குப் போகுதுங்க. இவ எங்க போவா? போன் பண்ணினா. பெரியம்மா, உங்க வீட்டுல வந்து கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமான்னு. கால் வைக்காதேன்னு நீ சொன்னது உன் வாசலுக்குத்தானே. என் வாசலுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே. எனக்கும் புள்ளையில்ல. வாடின்னேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. பின்பக்கச் சந்து வழியா வருவா. அடுப்படி ஜன்னல்கிட்ட ஸ்டூல் போட்டு உக்காருவா. அங்கேருந்து உன் வாசல் தெரியும்ல. மொத வருஷம் நீ வெளியில உக்காந்து கால் நகம் வெட்டிட்டிருந்த. நல்ல நாளும் அதுவுமா நகம் வெட்டுது பாருங்க பெரியம்மான்னு திட்டினா. திட்டிக்கிட்டே அழுதா. பத்து விரலும் வெட்டி முடிக்கிற வரைக்கும் பாத்தா.”

அந்த நகம் வெட்டினது எனக்கு ஞாபகம் இருந்தது. வேலை இல்லாத நாள், வேறு என்ன செய்வது என்று தெரியாமல் வெட்டினேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. “போன மாசம் உன் வீட்டுல ஏதோ அழுதுச்சே. கேட்டதுக்குப் பூனைன்னியே.”

“பூனைதான்.”

“அக்கா.”

“பொம்பளைப் பூனை,” என்றாள் ஓ-ஹுன். “எட்டு மாசம் ஆகுது. எனக்குக் காட்டணும்னு போன மாசம் ஒரு நாள் தூக்கிட்டு வந்தா.”

குழாயடியில் கொட்டிக் கிடந்த ஓட்டுக் குவியலில் உட்கார்ந்தேன். குத்தியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. மூன்று வருடமாக நான் அழுது கேட்டதெல்லாம் மூன்றாவது வீட்டில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. தோத்தி-கொங் பேரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கொடுத்த விலாசத்துக்கு, கேட்ட சாமானை, ஒன்றும் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். கொய்யாவில் தொடங்கிக் குழந்தை வரைக்கும். கண்ணை வைத்துக்கொண்டு பார்க்காதவள் நான்தான்.

“கோவமாடி?” என்றாள் ஓ-ஹுன்.

“தெரியல. அப்புறம் சொல்றேன்.”

வீட்டுக்குப் போனதும் ஹோக்-லாய்க்கு எதிரில் நின்றேன். அவர் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, புத்தாண்டு ரெண்டாம் நாள் தூண்டில் எடுத்துக்கிட்டுப் போவீங்களே.”

“ஆமா.”

“ரெண்டு வருஷமும் மீன் ஒண்ணும் கொண்டுவரலையே.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் யோசித்தார். “அன்னிக்கு மீனெல்லாம் அம்மா வீட்டுக்குப் போயிருக்கும்.”

நான் சிரிக்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தொலைக்காட்சியை அணைத்தார். கைப்பேசியை எடுத்து, எதையோ தேடி, என் கையில் கொடுத்தார். மஞ்சள் தொப்பி போட்ட குழந்தை ஒன்று கேமராவைக் கோபமாகப் பார்த்தது.

“மூக்கு உன்னுது,” என்றார்.

“பாவம்.”

கீழே இருந்த செய்தியை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல்லா எழுத்தும் தெரியவில்லை. ‘அம்மா’ தெரிந்தது. ‘முதுகு’ தெரிந்தது, அது போன வாரம் நடத்திய பாடம். கேள்விக்குறி தெரிந்தது. அம்மாவுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். இதைத்தான் இவர் ‘நல்லா இருக்காளாம்’ என்று படித்திருக்கிறார்.

“இதையெல்லாம் ஏன் படிச்சுக் காட்டல?”

“உன்னைப் பத்தி விசாரிக்கிறது உனக்குத் தெரியக் கூடாதுன்னு கடைசியில ஒரு வரி போட்டிருப்பா. அந்த வரி வரைக்கும் நீ இன்னும் படிக்கல.”

“இந்த வருஷமும் வருவாளா?”

“வருவா. பதினேழுக்கு.”

“இங்க வரச் சொல்லுங்க.”

“வராதேன்னு நான் சொல்லலியே,” என்றார் ஹோக்-லாய். சண்டைக்குச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதனால்தான் அடி இன்னும் பலமாகப் பட்டது.

போன் போட்டுப் பேசலாம். என்ன சொல்வது? நான் வாயைத் திறந்தால் எது முதலில் வரும் என்று எனக்கே தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அவள் பதினேழுக்கும் வராமல் இருந்துவிடலாம். இருக்கிறதும் போய்விடும். இரண்டு வாரம் இதையே நினைத்து நினைத்துக் கிண்ணத்தில் சதையையும் ஓட்டையும் கலந்து போட்டுத் திட்டு வாங்கினேன்.

புத்தாண்டுக்கு முன்தினம் காலையில் ஆமை ஓடு மாதிரி அச்சில் அழுத்திய சிவப்பு மாவுப் பலகாரம் பன்னிரண்டு செய்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மகள் வந்தால் படைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டது. வந்தாளா வரவில்லையா என்று வழியெல்லாம் எனக்குள் வழக்கு. படி ஏறி வந்தாள், அந்த எண்ணுக்கே வந்தாள். வரவில்லை என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது. படைத்தேன்.

ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு பெயர் சொன்னேன், தேதி சொன்னேன். விலாசத்தில் வந்து நின்றுவிட்டேன். திருத்திச் சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் புத்தாண்டுக் கூட்டம், ஊரே கேட்டுக்கொண்டிருக்கிற நேரம். இப்போது போய் எண்ணை மாற்றினால் தாத்தா குழம்பி நடுவில் பதிமூன்றில் கொண்டுபோய் விட்டுவிட்டால்?

“இந்த ஒரு தடவை மட்டும் பதினேழாவே இருக்கட்டும் தாத்தா,” என்றேன். “நான் அங்க போயிடறேன்.”

பிறகு கட்டையை எடுத்தேன். அன்றைக்குச் சிரித்தது என் பெண்ணின் கல்யாணத்துக்கா, அப்போதே அறுபதை நெருங்கியிருந்த ஓ-ஹுனுக்கு முப்பத்தைந்து வயது மாப்பிள்ளை பார்த்ததற்கா என்று கேட்டேன். போட்டேன். இரண்டும் மல்லாந்து விழுந்தது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடிந்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கட்டை சிரித்தது, அவ்வளவுதான். வேண்டாம் என்று அது ஒருநாளும் சொல்லவில்லை. அதைச் சொன்னது வேறு வாய்.

இரண்டாம் நாள் காலை பதினேழாம் எண் வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். ஓ-ஹுன் சிப்பிக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள்.

“வந்ததும் ஆரம்பிச்சிடாதே,” என்றாள். “கல்யாணத்தைப் பத்திப் பேசாதே. வயசைப் பத்திப் பேசாதே. இளைச்சிட்டியேன்னு சொல்லாதே.”

“அப்ப என்னதான் பேசறது?”

“நல்ல கேள்வி. ஒண்ணும் பேசாதே.”

ஜன்னல் வழியே என் வாசல் தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து நான் அதைப் பார்த்ததே இல்லை. கதவு கோணலாக இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்ட பிறகும் பழக்கம் விடாமல் ஹோக்-லாய் தூண்டிலோடு வெளியே வந்து, இரண்டு பக்கமும் திருடன் மாதிரிப் பார்த்துவிட்டு, கடலுக்கு எதிர்த் திசையில் நடந்தார். இவ்வளவு மோசமாக நடிக்கிற மனிதரை நான் இரண்டு வருடம் நம்பியிருக்கிறேன்.

பின்கதவு திறந்தது.

ஸு-வான் குழந்தையை மார்போடு கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நின்றாள். அவள் பின்னால் உயரமாக ஒருத்தர் ஆரஞ்சுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவர்தான் போ-யூ. அவர் பின்னால் ஹோக்-லாய், தூண்டிலோடு. யாரும் அசையவில்லை. கஞ்சி மட்டும் கொதித்தது.

நான் இரண்டு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

“இது என் வாசல் இல்ல,” என்றேன். “நானும் இங்க விருந்தாளிதான். நீ போயிடாதே.”

அவள் ஓ-ஹுனைப் பார்த்தாள். ஓ-ஹுன் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். “நான் சொல்லலடி. சாமி சொல்லிட்டாரு.”

என்ன பேசக் கூடாது என்று சொல்லியிருந்தாளோ அதையெல்லாம் பேசினேன். தகடு, மழைக்கோட்டு, அப்பாவின் பல், கொய்யா மரம், குறட்டை, எல்லாம். கோயிலில் நான் கேட்ட கேள்வியைச் சொல்லி, யாருக்கு மாப்பிள்ளை கேட்டிருக்கிறேன் என்று ஓ-ஹுனைக் கையால் காட்டினேன். போ-யூ முதலில் சிரித்தார். சிரித்ததும் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார். ஓ-ஹுன் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

“மூணு தடவை சிரிச்சாருன்னா எனக்கு இது வேண்டாம்னு அர்த்தம். நீயே வச்சுக்கோ,” என்றாள் ஸு-வானிடம்.

ஸு-வான் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

“சாமி வேண்டாம்னு சொல்லவே இல்ல,” என்றேன். “நான்தான் சொன்னேன். சாமி தலையில போட்டுட்டேன்.”

அவள் வெளியே இருந்த காலையும் உள்ளே வைத்தாள். துணி முடிச்சை அவிழ்த்துக் குழந்தையை என் பக்கம் நீட்டினாள். நான் கையை நீட்டியதும் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

“கையக் கழுவிட்டு வாம்மா. சிப்பி நாத்தம்.”

எலுமிச்சை போட்டு, உப்புப் போட்டு, சோப்புப் போட்டுக் கழுவினேன். குழந்தை என் விரலை மோந்து பார்த்துத் தும்மியது. பிறகு அதையே வாயில் வைத்துக்கொண்டது. நான் பெயர் கேட்டேன், யூ-ஆன் என்றாள். அதன் பிறந்த தேதியும் கேட்டேன். தேதி எதற்கு என்று கேட்டாள். எல்லாம் ஒரு காரணமாகத்தான் என்றேன்.

கஞ்சி குடித்தோம். எங்கள் வீட்டுக்கு வா என்று நான் கூப்பிடவில்லை. நாக்கு நுனியில் நின்றது. வா என்று சொன்னால் வராதே என்று சொன்னதும் கூடவே எழுந்து வருமோ என்று பயம். அவளும் ஜன்னல் பக்கம் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். பொழுது போய்க்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு அவர்கள் காவ்ஷியுங் கிளம்ப வேண்டும்.

போ-யூதான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

“அத்தை, அங்க ஃப்ரிட்ஜ் சத்தம் போடுதுன்னு மாமா சொன்னாரு. என் தொழிலே அதுதான். ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?”

“பாருங்க, பாருங்க,” என்றார் ஹோக்-லாய். “ராத்திரியெல்லாம் குறட்டை விடுது.”

எங்கள் ஃப்ரிட்ஜ் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வாயைத் திறக்கவில்லை. போ-யூ வண்டியிலிருந்து கருவிப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். ஹோக்-லாய் வழிகாட்டினார், நான் குழந்தையோடு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பதினைந்து தாண்டியது, பதிமூன்று தாண்டியது. எங்கள் வாசலில் சற்று நின்றது.

“புள்ளைக்கு வெயில் படுது, உள்ள கொண்டு போம்மா,” என்று சொல்லிக்கொண்டே ஸு-வான் எனக்கு முன்னால் உள்ளே போனாள்.

போ-யூ ஃப்ரிட்ஜை முன்னுக்கு இழுத்தார். காதை வைத்துக் கேட்டார், பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தார், தட்டினார்.

“அத்தை, இதுல ஒரு கோளாறும் இல்லையே.”

“அவசரப்படாதீங்க,” என்றேன். “எல்லாத்தையும் கழட்டி நல்லாப் பாருங்க.”